ஊசல் 10.8 காட்டினால் எங்கே பிசகு? பிள்ளையின் இயற்பியல் சோதனைக்கு உதவுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

இயற்பியலில் ஆர்வம் காட்டும் பிள்ளைக்கு வீட்டில் முதலில் வாங்கித் தருவது பெரும்பாலும் ஒரு சோதனைப் பெட்டிதான். படத்தில் உள்ளபடி செருகினால் விளக்கு எரியும், மோட்டார் சுற்றும். ஒரு வாரத்தில் பெட்டி பரணுக்குப் போய்விடும். அதில் அளப்பதற்கு எதுவும் இல்லை என்பதுதான் குறை. அதே காசுக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், எஃகு அளவு நாடா, பிரெட்போர்டு (மின்சுற்றைச் செருகியே கட்டும் துளைப்பலகை), ஒரு பிடி மின்தடைகள், மூன்று மீட்டர் தூண்டில் நரம்பு இவ்வளவும் வாங்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு மின்பொருட்கள் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

முதல் சோதனைக்குத் தனி ஊசல் போதும்: நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, நூலின் நீளத்தையும் ஒரு முறை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தையும் (அலைவு நேரம்) அளந்து, புவியின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது. பிளஸ் ஒன் செய்முறையில் வருவதுதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். பள்ளியில் ஒரு பீரியடில் அவசரமாக முடிப்பதை வீட்டில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம்.

கட்டுவதிலேயே முதல் தவறு நடக்கிறது. நூலை ஆணியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால், ஆடும்போது நூல் ஆணியைச் சுற்றி வளைந்து அவிழும். நீளம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே நூலை வைத்து இறுக்கினால் தொங்கும் புள்ளி நகராது. நரம்பு எடையில் சற்று நீளும் என்பதால் குண்டைத் தொங்கவிட்ட பிறகே அளக்க வேண்டும். குண்டின் மேல்முனை வரை அளந்தால் போதாது, அதன் மையம் வரை அளக்க வேண்டும். நூல் 50 செ.மீ., குண்டின் ஆரம் 1.5 செ.மீ. என்று வையுங்கள். ஆரத்தைக் கூட்ட மறந்தால் ஈர்ப்பு முடுக்கம் 9.5 மீ/வி² என்று வந்து நிற்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் உண்மை மதிப்பு சுமார் 9.78.

ஒரே ஓர் அலைவை மட்டும் அளப்பது அடுத்த தவறு. ஒரு மீட்டர் ஊசலுக்கு அலைவு நேரம் சுமார் 2.01 வினாடி. விரல் தட்டுவதில் 0.2 வினாடி பிசகினால் நேரத்தில் பத்து சதவீதப் பிழை; நேரத்தை வர்க்கப்படுத்துவதால் விடையில் அது இருபதாகிவிடும். இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே 0.2 வினாடி விடையை ஒரு சதவீதம்தான் அசைக்கும். கடிகாரத்தைத் தட்டும்போது ‘ஒன்று’ என்று எண்ணக்கூடாது, ‘பூஜ்யம்’ என்று தொடங்க வேண்டும். ‘ஒன்று’ என்று தொடங்கினால் பத்தொன்பது அலைவுகளே இருபதாகக் கணக்கில் ஏறி, விடை 10.8 பக்கம் போகும். குண்டு ஓரத்தில் தயங்கி நிற்கும் இடத்தில் தட்டுவதும் கூடாது. வேகமாகக் கடக்கும் நடுப்புள்ளியில் ஒரு கோடு போட்டு அங்கே தட்டலாம். பத்து டிகிரிக்குள் ஆட்டினால் கோணத்தால் அலைவு நேரத்தில் வரும் பிழை 0.2 சதவீதத்தைத் தாண்டாது. 30 டிகிரி இழுத்துவிட்டால் அலைவு நேரமே 1.7 சதவீதம் கூடும்.

40, 60, 80, 100, 120 செ.மீ. என ஐந்து நீளங்கள் எடுத்து, அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரையச் சொல்லுங்கள். நீளத்தை மீட்டரில் குறித்தால் சாய்வு சுமார் 4.04 வரும், 39.48-ஐ (4π²) அதனால் வகுத்தால் விடை. ஆரத்தைச் சேர்க்க மறந்திருந்தாலும் சாய்வு கெடாது. கோடு மட்டும் பூஜ்யம் வழியாகப் போகாமல், நீள அச்சை இடப்பக்கம் ஏறத்தாழ 1.5 செ.மீ. தள்ளி வெட்டும். மறந்த ஆரத்தை வரைபடமே காட்டிக்கொடுக்கிறது. ஒற்றை அளவீட்டில் இது கிடைக்காது.

இங்கேதான் பெரியவர்கள் காரியத்தைக் கெடுக்கிறார்கள். விடை 9.8 என்று முன்பே சொல்லிவிட்டால், பிள்ளை பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங் எழுதிவிடும். ரெக்கார்டு நோட்டுப் பழக்கம் அப்படி! சோதனைக் குறிப்பேடு பேனாவில் இருக்கட்டும். தப்பான அளவை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதினால் போதும். சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடில் 50 மதிப்பெண்ணில் 20 செய்முறைக்கு. பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் கோட்பாட்டுக்கான மீதி முப்பதுக்குத்தான் தயார் செய்கின்றன.

ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைபேசியின் உணரிகளை அளவுக்கருவியாக்குகிறது. கையால் அளந்து சலித்த பிறகு அதைக் கொடுங்கள். சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கும் அதன் ஒலிக் கடிகாரத்தைப் பயன்படுத்தும்போது மின்விசிறியை நிறுத்த மறந்தால், அந்தச் சத்தத்துக்கே கடிகாரம் ஓடத் தொடங்கும்.

மின்சாரத்தில் எல்.இ.டி.யை நேராக 9 வோல்ட் பேட்டரியில் வைத்துக் கருக்குவது வழக்கம். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும்; 470 ஓம் மின்தடையைத் தொடரில் வைத்தால் ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர் பாயும். சுற்று சரியாக இருந்தும் எரியவில்லையா? நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு பேட்டரியின் வோல்ட்டேஜ் பார்ப்பது இன்னொரு பிசகு. அந்த வழியில் தடை மிகக் குறைவு. ஃபியூஸ் போகும், மலிவான மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே இருக்காது.

வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். கொசு பேட்டைப் பிரித்தால் மின்தேக்கியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பின் மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிரை வாங்கக்கூடியது.

ஊசல் கைவந்த பிறகு தலைமுடியை அளக்கச் சொல்லலாம். ஒரு மில்லிவாட்டுக்குக் குறைவான சிவப்பு லேசரின் முன் முடியை ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விழும் ஒளிப்பட்டைகளை அளக்க வேண்டும். ஒளிக்கற்றை யார் கண்ணிலும் நேராகவோ கண்ணாடியில் பட்டுத் திரும்பியோ படக்கூடாது. பச்சை லேசர் வேண்டாம். மலிவானவற்றில் சில, லேபிளில் போட்டிருப்பதைவிட அதிகத் திறனை உமிழும். அலைநீளம் 650 நானோமீட்டர், அடுத்தடுத்த இருட்டுக் கோடுகளின் இடைவெளி 18.6 மி.மீ. என்றால், அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுக்க, முடியின் தடிமன் 70 மைக்ரோமீட்டர். விடை 35 என்று வந்தால் முடியைச் சந்தேகிக்க வேண்டாம்: நடுவில் உள்ள ஒளிப்பட்டை மற்றவற்றைவிட இரு மடங்கு அகலம், பிள்ளை அளந்தது அதைத்தான்.