காக்ஸ் ஆரஞ்சு பிப்பின்: பறிக்கும் பதமும் இருப்பு வைக்கும் முறையும்

இங்கிலாந்தில் ஸ்லவ் நகரை அடுத்த கோல்ன்புரூக்கில், பீர் வடிக்கும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ரிச்சர்டு காக்ஸ் என்பவர் 1825 வாக்கில் விதை ஊன்றி வளர்த்த மரத்தின் வழி வந்ததே காக்ஸ் ஆரஞ்சு பிப்பின் என்னும் ஆப்பிள் வகை. சமைப்பதற்கன்றி அப்படியே உண்பதற்கென்று போற்றப்படும் இந்த ஆப்பிளை, மரத்தடியிலேயே கடித்துப் பார்த்துவிட்டுப் புளிக்கிறது என்று ஒதுக்குவோர் பலர். குறை பழத்தில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது.

தென் இங்கிலாந்தில் செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை பறிக்கலாம். வெயில் பட்ட பக்கத்தின் சிவப்பை நம்ப வேண்டாம். நிழல் பக்கத்தில் பச்சை வெளிறி மஞ்சள் படரத் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல உயர்த்தித் திருகும்போது காம்போடு கழன்று வர வேண்டும். இழுத்தால்தான் வருகிறது என்றால் இன்னும் சில நாள் விட்டுவிடுங்கள். ஐயமிருந்தால் ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் அயோடின் கரைசலைத் தடவினால், மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாகும், சர்க்கரையாக மாறிய இடம் வெளுத்தே நிற்கும். நடுப்பகுதி வெளுத்து ஓரம் மட்டும் கறுத்தால் அதுவே செங்காய்ப் பதம். நாள்பட வைப்பதற்கு அதுதான் ஏற்றது.

அடிபட்டது, புழு துளைத்தது, காம்பு பிய்ந்தது ஆகியவற்றை முதலில் தின்று தீர்த்துவிடுங்கள். மற்றவற்றை ஒன்றோடொன்று உரசாதபடி காகிதத்தில் சுற்றி, தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்பி, எலி புகாத குளிர்ந்த அறையில் வையுங்கள். 3.5 முதல் 4 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கும் கீழே நெடுநாள் கிடந்தால் இந்த வகையின் சதை உள்ளுக்குள் பழுப்பேறிக் கெடும். வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து அழுகலை அகற்றுவது கட்டாயம். பழுத்த பழம் விடும் எத்திலீன் வாயு பக்கத்துப் பழங்களையும் விரைவாகப் பழுக்க வைத்துவிடும் என்பதால், முன்னதாகக் கனிந்தவற்றையும் தனியே எடுத்துவிடுங்கள்.

சில வாரங்களில் புளிப்பு தணிந்து மணம் கூடும். நன்கு கனிந்த பழத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதைகள் கலகலக்கும். அதை முந்தைய நாளே குளிரிலிருந்து எடுத்து வைத்து, தோலோடு உண்ணுங்கள்.