பழைய பிரிட்டிஷ் திகில் படைப்புகள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1970களின் பிபிசி பேய்க்கதை ஒன்றைப் பற்றி எங்காவது படித்துவிட்டு ஆசையாகத் தேடி எடுக்கிறார்கள். பத்தே நிமிடத்தில் "மலிவான நாடகமாக இருக்கிறதே" என்று மூடிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களிடம் இதை ஓயாமல் பார்க்க முடிகிறது. பெரும்பாலும் கோளாறு இருப்பது கைக்குக் கிடைத்த பிரதியிலோ டிவியின் அமைப்பிலோதான். யாருக்கும் தெரிந்த சில்லறைத் தவறுகளை விட்டுவிடுவோம்.

பெயரை மட்டும் நம்பித் தேடுவது

'குவாட்டர்மாஸ் அண்ட் த பிட்' என்று தேடினால் இரண்டு வரும். ஒன்று 1958-59இல் பிபிசி ஒளிபரப்பிய ஆறு பாகத் தொடர். மற்றது 1967இல் பிரிட்டிஷ் திகில் பட நிறுவனமான ஹேமர் எடுத்த வண்ணப்படம். கதை ஒன்றுதான், இரண்டையும் எழுதியவர் நைஜல் நீல். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடரைப் பார்த்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. முதல் தொடரான 'த குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்'டில் (1953) முதல் இரண்டு பாகங்களே மிஞ்சியிருக்கின்றன. மீதி நான்கையும் தேடி அலைய வேண்டாம்.

அமெரிக்கப் பெயர்களும் குழப்பும். 'நைட் ஆஃப் த ஈகிள்' அங்கே 'பர்ன், விட்ச், பர்ன்' ஆனது. 'த சிட்டி ஆஃப் த டெட்', 'ஹாரர் ஹோட்டல்' ஆனது. 'விட்ச்ஃபைண்டர் ஜெனரல்' (1968) 'த காங்கரர் வோர்ம்' என்று போனது. அந்தப் படத்தின் பழைய அமெரிக்க வீடியோ பதிப்பில் பால் ஃபெரிஸின் இசையையே எடுத்துவிட்டு சின்தசைசர் இசையைப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தவர் வேறு படத்தைப் பார்த்தவர்.

ஓடும் நேரத்தைத் தவறாகப் படிப்பது

பால் (PAL) என்னும் டிவி முறையில் வரும் பிரிட்டிஷ் டிவிடியில், நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய சினிமா 25 ஓடும். ஆகவே நேரம் 4 சதவீதம் குறையும், குரலும் சற்று மேலேறும். 'நைட் ஆஃப் த டீமன்' (1957) 96 நிமிடப் படம். டிவிடியில் 92 காட்டினால் வெட்டு எதுவும் இல்லை. 79 காட்டினால் அது அமெரிக்காவுக்காக 82 நிமிடமாகக் குறைத்த பதிப்பு. டிவிடியில் காட்டும் நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தேகப்படுங்கள். இந்தக் கணக்கு சினிமாவுக்கு மட்டும்தான். பிரிட்டிஷ் டிவிக்காக எடுத்தவை பிறவியிலேயே 25.

வீடியோவைச் சினிமாவாக்குவது

எத்தனை முறை எச்சரித்தாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். வேறு எந்தத் தவறும் இவ்வளவு நல்ல படைப்புகளை இவ்வளவு பேரிடமிருந்து பிரித்ததில்லை.

அக்காலத்து பிரிட்டிஷ் டிவி நாடகங்களில் வழக்கம் இது: உள்காட்சிகளை ஸ்டுடியோவில் பல வீடியோ கேமராக்கள் வைத்து எடுப்பார்கள், வெளிக்காட்சிகளை 16 மிமீ ஃபிலிமில் எடுப்பார்கள். ஃபிலிமில் நொடிக்கு 25 படங்கள். வீடியோவில் நொடிக்கு 50 ஃபீல்டுகள், அதாவது அரைப் படங்கள். ஒவ்வொன்றிலும் மொத்தம் 576 வரிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகள். ஒவ்வொரு ஃபீல்டும் தனியொரு கணத்தில் பிடிக்கப்பட்டது. அதனால்தான் வீடியோவில் அசைவு வழுக்கிக்கொண்டு போகிறது, கண்ணெதிரே நடப்பதுபோல் இருக்கிறது.

டிஸ்கை நகலெடுக்கிறவர் இரண்டிரண்டு ஃபீல்டுகளைச் சேர்த்து 25 ஃபிரேமாக மாற்றினால் அசைவில் பாதி குப்பைக்குப் போகிறது. 1972 கிறிஸ்துமஸ் இரவில் பிபிசி2 ஒளிபரப்பிய 'த ஸ்டோன் டேப்' இப்படித்தான் சீரழிந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. புதிய பதிவு ஊடகம் தேடும் ஆய்வுக்குழு, பழைய மாளிகை ஒன்றில் ஓர் அறையின் கற்களே ஒரு மரணத்தைப் பதிந்து வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கும் கதை. பதிவு செய்வதைப் பற்றிய கதையின் பதிவையே சிதைத்தால் என்ன மிஞ்சும்? நடிகர்கள் திக்கித் திக்கி நகர்வார்கள், ஸ்டுடியோச் சுவர் அட்டையாகத் தெரியும்.

இன்னும் மோசமாக அடிபடுவது 'கோஸ்ட்வாட்ச்'. 1992 அக்டோபர் 31 அன்று பிபிசி1இல் நேரலைபோல் ஒளிபரப்பாகி, மைக்கேல் பார்க்கின்சன் தொகுத்து வழங்க, பலரை உண்மை என்றே நம்பவைத்த நாடகம். முன்கூட்டியே எடுத்து வைத்ததுதான். நேரலை என்று நம்பவைத்தவற்றில் அந்த 50 ஃபீல்டு அசைவும் ஒன்று. 25 ஃபிரேமில் அதைப் பார்த்துவிட்டு "இதற்கா மக்கள் பயந்தார்கள்?" என்று கேட்பது அந்தப் படைப்புக்குச் செய்யும் அநியாயம்.

சோதிப்பது எளிது. கை வீசும் காட்சியில் நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். விளிம்பில் சீப்புப் பல்போல் கோடுகள் தெரிந்தால் நல்லது, ஃபீல்டுகள் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு கைகள் மங்கலாக ஒன்றன்மேல் ஒன்று தெரிந்தால் கலந்துவிட்டார்கள். அந்தப் பிரதியை மீட்க முடியாது. கோடும் இல்லை, கலப்பும் இல்லை, ஆனால் நொடிக்கு 25 என்றால் பாதி போய்விட்டது.

ஃபீல்டுகள் பத்திரமாக இருந்தால் விஎல்சி பிளேயரின் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை (ஃபீல்டுகளை முழு ஃபிரேம்களாக்கும் வசதி) ஆன் செய்து, மோடு 'யாடிஃப் 2எக்ஸ்' என்று வையுங்கள். அந்த '2எக்ஸ்' முக்கியம். வெறும் 'யாடிஃப்' 25தான் தரும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் வேறு கோப்பாக மாற்றுவதானால் டீஇன்டர்லேஸ் பிரீசெட்டை 'பாப்' என்றும் ஃபிரேம்ரேட்டை 50 என்றும் வைக்க வேண்டும். அதற்கு முன் டிஸ்கின் அசல் நகலை மேக்எம்கேவி என்ற மென்பொருளில் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசைவு முன்னும் பின்னும் துள்ளினால் ஃபீல்டு வரிசை தலைகீழாகியிருக்கிறது. யூடியூபில் 720பிக்குக் கீழே 50 ஃபிரேம் கிடையாது. ஆகவே 480பி வரைக்கும் மட்டுமே ஏற்றப்பட்ட வீடியோ நாடகத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

ஃபிலிமை வீடியோவாக்குவது

மேலே சொன்னதற்கு நேர்எதிர். 'எ வார்னிங் டு த க்யூரியஸ்' (1972) போன்ற பிபிசியின் கிறிஸ்துமஸ் பேய்க்கதைகள் 16 மிமீ ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. டிவியில் இருக்கும் மோஷன் ஸ்மூதிங் என்ற வசதி, அசலில் இல்லாத ஃபிரேம்களை இட்டுக்கட்டி, நார்ஃபோக் கடற்கரையில் தூரத்தில் நிற்கும் கரிய உருவத்தைச் சுற்றி நெளிய வைக்கும். மோஷன்ஃப்ளோ, ட்ரூமோஷன் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும். அணைத்துவிடுங்கள்.

அந்த எட்டு கிறிஸ்துமஸ் பேய்க்கதைகளையும் ஒரே இரவில் பார்ப்பது

வேண்டாம். 1971 முதல் 1978 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தவை.

கறுப்பு வெள்ளை என்றால் கலை என்று நினைப்பது

'ராபின் ரெட்பிரெஸ்ட்' (1970) வண்ணத்தில் எடுக்கப்பட்டது. வண்ண டேப் அழிந்துபோய், 16 மிமீ கறுப்பு வெள்ளை ஃபிலிம் பதிவு மட்டும் தப்பியது. அந்த மங்கலை இயக்குநரின் பாணி என்று விமர்சனத்தில் எழுதாதீர்கள். மறுபுறம், இல்லை என்று கைவிட்டதும் திரும்பி வரலாம். ஹேமரின் 'டிராகுலா'வில் (1958) பிரிட்டிஷ் தணிக்கையில் போன காட்சிகள், டோக்கியோ ஆவணக் காப்பகத்தில் தீயில் சேதமான ரீல்களில் கிடைத்து, 2012இல் படத்தோடு சேர்க்கப்பட்டன. அவை இல்லாத பழைய டிஸ்க் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

4:3 படத்தை அகலத் திரைக்கு இழுப்பது

கூடாது. ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

மண்டலம் பார்க்காமல் வாங்குவது

டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் எண்தான் மண்டலம். பிரிட்டிஷ் டிவிடி மண்டலம் 2, இந்தியாவில் விற்கும் பிளேயர் 5. புளூ-ரே என்றால் அங்கே பி, இங்கே சி. 4கே டிஸ்க்குக்கு மண்டலம் இல்லை, ஆனால் கூடவே வரும் புளூ-ரே டிஸ்க்குக்கு இருக்கலாம். 'நெட்வொர்க்' என்ற பிரிட்டிஷ் டிஸ்க் வெளியீட்டு நிறுவனம் 2023இல் மூடப்பட்டதால் அவர்கள் வெளியிட்ட பழைய ஐடிவி தொடர்களின் டிஸ்க்குகள் பலவும் பழைய சரக்காகத்தான் கிடைக்கும். வாங்குவதற்கு முன் எல்லா மண்டலமும் ஏற்கும் பிளேயரை முதலில் தேடிக்கொள்ளுங்கள்.