பழைய மர மேஜைக்கு சாக் பெயின்ட்: எதை வாங்குவது, எப்படி அடிப்பது

சாக் பெயின்ட் வேண்டும் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால், பல இடங்களில் கரும்பலகைக்கு அடிக்கிற பெயின்டை எடுத்து நீட்டுவார்கள். அது வேறு சரக்கு. கரும்பலகை பெயின்ட் காய்ந்ததும் அதன்மேல் சாக்பீஸால் எழுதி அழிக்கலாம், அவ்வளவுதான். சாக் பெயின்ட் என்பது வெண்தூள் நிறையச் சேர்த்த, தண்ணீரில் கலக்கும் பெயின்ட். காய்ந்தால் துளியும் பளபளப்பு இருக்காது. பழைய பூச்சின்மேல், சுவருக்கு அடிக்கும் சாதாரண எமல்ஷனைவிட நன்றாகப் பிடிக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் ஓரங்கள் அழகாகத் தேய்ந்து கொடுக்கும்.

1990-இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்பவர் இந்தப் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயரை வணிகக்குறியாகப் பதிந்தும் வைத்திருக்கிறார். மற்ற நிறுவனங்களின் டப்பாவில் ‘சாக்டு’, ‘சாக்கி ஃபினிஷ்’ என்று சுற்றி வளைத்து எழுதியிருப்பது அதனால்தான். பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

எந்த பிராண்டு நல்லது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. மரத்தின்மேல் இப்போது என்ன பூச்சு இருக்கிறது, வேலை முடிந்து மேலே என்ன பூசப் போகிறீர்கள், இந்த இரண்டும் முடிவான பிறகுதான் டப்பா.

அடியில் என்ன இருக்கிறது?

பஞ்சில் அரக்கைக் கரைக்கும் பாலிஷ் ஸ்பிரிட்டைத் தொட்டு, மேஜையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரை நிமிடம் தேயுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். ஒன்றுமே ஆகவில்லை என்றால் மெலமைன், பி.யு. (பாலியூரிதேன் வார்னிஷ்), அல்லது நன்கு இறுகிய எனாமல். தண்ணீர்த் துளி விட்டால் முத்து முத்தாக நிற்கிறதா? மேலே மெழுகோ எண்ணெயோ இருக்கலாம்.

எனாமல் அடித்த பழைய சாமான் என்றால் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் தூக்கி எறிந்துவிடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நல்ல ஈட்டி மரமோ பர்மா தேக்கோ என்றால் பெயின்ட் அடிக்காதீர்கள். பழைய பாலிஷை எடுத்துவிட்டு மறுபடி பாலிஷ் போடுங்கள். பிளைவுட், ரப்பர் மரம், ஒட்டுப் போட்ட சாமான், ஏற்கெனவே யாரோ எனாமல் அடித்துக் கெடுத்தது, இவற்றுக்குத்தான் சாக் பெயின்ட் பொருத்தம்.

டப்பாவில் பார்க்க வேண்டியது

‘மேலே எதுவும் பூச வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வகையில் பிசின், அதாவது தூளைப் பிடித்து ஒட்டவைக்கும் பொருள், அதிகம். கை படாத அலமாரிக்கு வசதி. ஆனால் தேய்த்தால் தூளாக வராமல் தோல் மாதிரி உரியும். ஓரங்களைத் தேய்த்துப் பழமைத் தோற்றம் கொடுக்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். சாதாரண வகையே போதும்.

அடுத்தது அளவு. ஒரு லிட்டர் சுமார் 12 முதல் 13 சதுர மீட்டருக்கு ஒரு கோட் வரும். இரண்டடிக்கு ஒன்றரையடி பலகையுள்ள சின்ன மேஜைக்குக் கால்களையும் சேர்த்தால் 15 சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு 250 மி.லி. போதும். கறுத்த பாலிஷ்மேல் வெள்ளை என்றால் மூன்று கோட் தேவைப்படும், 350 மி.லி. வைத்துக்கொள்ளுங்கள். கைவினைக் கடைகளில் கிடைக்கும் சின்னச் சின்ன பாட்டில்கள் போட்டோ ஃபிரேமுக்குச் சரி. மேஜைக்கு அவற்றை வாங்கிச் சேர்த்தால் செலவு ஏறும், ஒரு பாட்டிலுக்கும் அடுத்ததற்கும் நிறம் லேசாக மாறவும் செய்யும். ஒன்றுக்கு மேல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலந்த பிறகு அடியுங்கள்.

தரத்தைச் சோதிக்க ஒரு துண்டுப் பலகை போதும். ஒரு கோட் அடித்து ஒருநாள் காயவிட்டு, ஈரத்துணியால் பத்துத் தடவை தேயுங்கள். துணியில் லேசாக நிறம் ஏறினால் தவறில்லை. பலகையில் மரம் தெரிகிற அளவு கரைந்தால் தூள் அதிகம், பிசின் குறைவு. அந்த டப்பா வேண்டாம்.

வீட்டில் கலப்பதானால்

செலவு குறைவு, நிறமும் கடை மெஷினில் வேண்டியபடி வரும். மேட் ஃபினிஷ் உள்சுவர் எமல்ஷன் 3 கப், தூள் 1 கப், தண்ணீர் முக்கால் கப்பிலிருந்து 1 கப் வரை. எமல்ஷன் டப்பாவில் ‘தண்ணீர் சேர்த்து அடிக்கவும்’ என்று போட்டிருப்பது சுவருக்கு. இங்கே அதைச் செய்யாதீர்கள். டப்பாவில் இருக்கும் கெட்டியோடு அளந்து எடுங்கள்.

தூள் விஷயத்தில் என் ஓட்டு கால்சியம் கார்பனேட்டுக்கு, அதாவது சாக் பவுடருக்கு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் வரும். ஆனால் அது தண்ணீர் பட்டதும் இறுக ஆரம்பித்துவிடும். ஒரு மணி நேரத்தில் அடித்து முடிக்கிற அளவுக்கு மட்டுமே கலக்க வேண்டும், மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. சாக் பவுடர் இறுகாது. மூடி வைத்து மறுநாள் கலக்கி அடிக்கலாம். வெள்ளை சிமென்ட் போடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். அது காரமானது, நிறத்தையும் பிசினையும் கெடுக்கும். மரம் சுருங்கி விரியும்போது விரிசலும் விடும். டிஸ்டெம்பரிலும் கலக்காதீர்கள், அதில் பிசினே போதாது. எனாமல் எண்ணெய்ப் பெயின்ட், தண்ணீரில் கரைத்த தூளோடு சேராது.

தூளை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பழைய நைலான் துணியில் வடிகட்டி, பிறகு எமல்ஷனில் ஊற்றுங்கள். தூளை நேராகப் பெயின்டில் கொட்டினால் குருணை குருணையாக நிற்கும். அடித்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

கறை ஊறி வருவது

‘தேய்க்க வேண்டாம், பிரைமர் வேண்டாம், அப்படியே அடிக்கலாம்’ என்றுதான் சாக் பெயின்டை விற்கிறார்கள். பிடிப்பதைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. வேலை கெடுவது பிடிக்காமல் போய் அல்ல, கறையால்.

தேக்கு, ஈட்டி, மகோகனி மரங்களில் தண்ணீரில் கரையும் நிறச்சத்து இருக்கிறது. பழைய பாலிஷில் ‘ரோஸ்வுட்’, ‘வால்நட்’ என்று சாயம் கலந்திருந்தால் அதுவும் சேரும். சாக் பெயின்டில் உள்ள தண்ணீர் உள்ளே இறங்கி இவற்றைக் கரைத்து, காயும்போது தன்னோடு மேலே கொண்டுவந்துவிடும். வெள்ளை அடித்த பலகையில் மறுநாள் காலை டீ சிந்தியது மாதிரி மஞ்சளாகவோ ரோஸாகவோ திட்டுகள் தெரியும். மரக் கணுக்களைச் சுற்றி வட்டமாக வரும்.

இன்னொரு கோட் அடித்தால் மறையும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மறையாது. ஒவ்வொரு கோட்டும் புதிதாகத் தண்ணீரைக் கொண்டுபோகிறது, கறையும் புதிதாக ஏறுகிறது. சில சமயம் பெயின்ட் வரை சுத்தமாக இருந்துவிட்டு, மேலே தண்ணீர் வார்னிஷ் பூசியபோது கறை வரும். காரணம் அதேதான்.

ஆகவே முதலில் சோதனை. இரண்டு அங்குலச் சதுரத்துக்கு மறைவான இடத்தில் வெள்ளை அடித்து ஒரு இரவு விடுங்கள். காலையில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் நேராக அடிக்கலாம். அடர்நீலம், கரும்பச்சை போன்ற நிறம் என்றால் கறை கண்ணுக்குத் தெரியாது, கவலை வேண்டாம். வெள்ளை, க்ரீம், வெளிர் நிறங்களுக்கு மஞ்சள் தட்டினால் அரக்குப் பூச்சு கட்டாயம். அரக்கு ஸ்பிரிட்டில் கரைவது. தண்ணீரில் கரைகிற கறை அதைத் தாண்டி வராது.

100 கிராம் அரக்குச் செதிலை 500 மி.லி. பாலிஷ் ஸ்பிரிட்டில் போட்டு, கண்ணாடி பாட்டிலில் மூடி வையுங்கள். அவ்வப்போது குலுக்கினால் மறுநாள் கரைந்திருக்கும். உடனே எடுத்துப் பூசிவிடாதீர்கள். சாதாரண அரக்கில் இயற்கையாகவே கொஞ்சம் மெழுகு உண்டு. மெழுகின்மேல் தண்ணீர்ப் பெயின்டும் வார்னிஷும் சரியாகப் பிடிக்காது. பாட்டிலை அசைக்காமல் சில நாள் வைத்தால் மெழுகு கலங்கலாக அடியில் தங்கும். மேலே தெளிந்திருப்பதை மட்டும் வேறு பாட்டிலுக்கு இறுத்துக்கொள்ளுங்கள். மெழுகு நீக்கிய அரக்கு கிடைத்தால் இந்த வேலை மிச்சம். சாயம் கலந்த ரெடிமேட் பிரெஞ்சு பாலிஷ் மட்டும் வேண்டாம், அதன் நிறமே கறையாகிவிடும்.

இரண்டு மெல்லிய கோட், நடுவில் ஒரு மணி நேரம். வெயிலும் காற்றும் உள்ள நண்பகலில் பூசுங்கள். மழைநாளிலோ கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்திலோ பூசினால் வெண்புகை படிந்த மாதிரி மங்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகை குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதுதான் காரணம். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

ஏற்கெனவே வெள்ளை அடித்துக் கறை வந்துவிட்டதா? சுரண்ட வேண்டாம். நன்கு காய்ந்த பெயின்டின்மேலேயே கறை வந்த இடத்தைச் சுற்றி ஓர் அங்குலம் தாராளமாக அரக்கு பூசி, காய்ந்ததும் மறுபடி அடியுங்கள்.

அடிப்பது

அரக்குக்கு முன்னாலேயே அழுக்கு போக வேண்டும். சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, பிறகு டர்பன்டைன் தொட்ட துணி. சாய்வு நாற்காலியில் தலை படும் இடத்தையும் கைப்பிடியையும் மட்டும் தனியாக மூன்று நான்கு முறை துடையுங்கள். வருஷக்கணக்கில் ஊறிய தேங்காயெண்ணெய் அங்கேதான் இருக்கும், பெயின்ட் உரிவதும் அங்கேதான். பூஜை மண்டபத்தில் விளக்கு வைக்கும் தட்டுக்கும் இதே கவனிப்பு. பிறகு 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை மேலோட்டமாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பெயின்டுக்கு இரண்டங்குல சிந்தெடிக் பிரஷ். மலிவான பிரஷின் முடி உதிர்ந்து பூச்சில் ஒட்டும், இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் கோட் மெல்லியதாக, திட்டுத்திட்டாக இருந்தால் பரவாயில்லை. ஓர் இடத்தை அடித்துவிட்டு அரைகுறையாகக் காய்ந்தபின் மறுபடி பிரஷைக் கொண்டுபோனால் இழுத்துக்கொண்டு வரும். சித்திரை, வைகாசி வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு, பிரஷை லேசாக ஈரப்படுத்தி அடியுங்கள். வெயிலில் தூக்கி வைத்துக் காயவைத்தால் விரிசல் விடும். கோட்டுக்குக் கோட் குறைந்தது இரண்டு மணி நேரம். ஐப்பசி மழையில் ஒரு இரவு. கடைசிக் கோட்டுக்கு முன் 320 நம்பரில் ஒரு தடவை தேய்த்தால் கைக்கு வழுக்கும்.

மெழுகா, வார்னிஷா

பூச்சில்லாத சாக் பெயின்ட் கைபட்டாலே அழுக்கை இழுத்துக்கொள்ளும். ஃபிரேம், அலமாரி, அலங்காரப் பெட்டிக்கு மெழுகு அழகு: மெல்லத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் பருத்தித் துணியால் மெருகேற்றவும். முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அடர்மெழுகு (கறுத்த நிறமுள்ளது) போடுவதானால் முதலில் நிறமற்ற மெழுகு தடவிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் அந்தக் கறுப்பை உறிஞ்சிக்கொள்ளும்.

காபி டம்ளர் வைக்கிற மேஜைக்கு மெழுகு கூடவே கூடாது. சூட்டில் இளகி வட்டம் விழும். தண்ணீரில் கரையும் மேட் பி.யு. இரண்டு மூன்று கோட் போடுங்கள். எண்ணெய் வகை பி.யு. வெள்ளையை நாளடைவில் மஞ்சளாக்கும். மெழுகின்மேல் வார்னிஷ் நிற்காது. மனம் மாறினால் மெழுகை டர்பன்டைனால் முழுதாக எடுத்த பிறகே வார்னிஷ்.

பின்சேர்க்கை: சன்மைக்காவும் ஸ்டீல் பீரோவும்

இந்த இரண்டையும்தான் அதிகம் கேட்கிறார்கள். சன்மைக்காவில் கறை வராது, பிடிப்புதான் பிரச்சினை. 180 நம்பரில் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்து, ஒரு கோட் அரக்கு பூசி, பிறகு அடியுங்கள். மேலே மெழுகு அல்ல, பி.யு. மட்டும். ஒரு வாரம் வரை அதில் கனமான எதையும் வைத்து இழுக்காதீர்கள்.

ஸ்டீல் பீரோவில் பழைய பெயின்ட் முழுதாக இருந்தால் தேய்த்துவிட்டு நேராக அடிக்கலாம். இரும்பு தெரிகிற கீறல்களில் மட்டும் முதலில் ரெட் ஆக்சைடு பிரைமர். வெறும் இரும்பில் தண்ணீர்ப் பெயின்ட் பட்டால் காய்வதற்குள்ளேயே துரு கிளம்பி, ஆரஞ்சுப் புள்ளிகளாக வெளியே வரும். பீரோக் கதவின் கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள், தரை துடைக்கிற தண்ணீர் படுவதால் துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.