ஒரு நாளுக்கு எத்தனை மெயில்? வெப்சைட்டுக்கு இலவச மெயில் சேவை தேடும் முன்

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் கீழே தறி ஓடும், மாடியில் என் லேப்டாப் ஓடும். சேலம் கடைகளுக்கும் ஏற்காடு ஹோம்ஸ்டேக்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. நாகலூரில் எட்டு அறை வைத்து நடத்தும் அக்கா ஒருவர், ஒரு சனிக்கிழமை ராத்திரி போன் செய்தார். “தம்பி, பெங்களூர்ல இருந்து குடும்பத்தோட வந்து நிக்கிறாங்க. பணம் கட்டிட்டோம், மெயில்தான் வரலைங்கறாங்க. எனக்கும் ஒண்ணும் வரல. அந்த ரூமை வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன்.”

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்களை எங்கே திருப்பி அனுப்புவது? அக்கா தன் வீட்டு அறையையே ஒழித்துக் கொடுத்தார். நான் விடிய விடிய உட்கார்ந்து காரணம் தேடினேன். தவறு இரண்டு, இரண்டும் என்னுடையதுதான்.

முதலாவது, மெயிலைத் தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங் சர்வரே அனுப்பட்டும் என்று விட்டிருந்தேன். தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவியவுடன் அப்படித்தான் இருக்கும். மலிவு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கலாம். அதில் ஒருவர் குப்பை மெயில் அனுப்பினாலும் எல்லோர் பெயரும் கெடும். போதாக்குறைக்கு, அந்த மெயிலில் நம் டொமைனின், அதாவது தளத்தின் இணையப் பெயரின், கையெழுத்தும் இல்லை. 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாகூவும் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டன. பெங்களூர்க்காரருக்குப் போன மெயில் ஸ்பேமில் கிடந்தது.

இரண்டாவது தவறு இன்னும் மோசம். அக்காவுக்குப் போகும் நகலில், அனுப்புநர் முகவரியாக வாடிக்கையாளரின் முகவரியையே போட்டிருந்தேன். ரிப்ளை தட்டினால் நேராக அவருக்கே போகட்டும் என்ற நல்லெண்ணம். அவர் வைத்திருந்தது யாகூ முகவரி. யாகூ பெயரில் வேறு சர்வர் மெயில் அனுப்பினால் வாங்காதே என்று யாகூ 2014-லேயே அறிவித்துவிட்டது. அக்காவின் இன்பாக்ஸ் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. சரியான முறை இதுதான்: அனுப்புநர் எப்போதும் உங்கள் டொமைன் முகவரி, ‘ரிப்ளை-டு’ என்ற இடத்தில் வாடிக்கையாளர் முகவரி. எந்தச் சேவைக்கு மாறினாலும் இதைச் சரி செய்யாமல் பலன் இல்லை.

அப்புறம்தான் தளத்துக்காக மெயில் அனுப்பித் தரும் சேவை தேடினேன். ஆர்டர் உறுதி, பணம் வந்த ரசீது, பாஸ்வேர்டு மாற்றும் லிங்க், ஓடிபி என ஒருவர் ஏதோ செய்ததற்குப் பதிலாகத் தானாகப் போகும் மெயில்களை ‘டிரான்ஸாக்‌ஷனல் மெயில்’ என்பார்கள். பொங்கல் தள்ளுபடி என்று ஊருக்கெல்லாம் அனுப்புவது இதில் சேராது. இரண்டையும் ஒரே குழாயில் விடாதீர்கள். தள்ளுபடி மெயிலை நாலு பேர் ஸ்பேம் என்று அழுத்தினால் ரசீது மெயிலும் சேர்ந்து அடிபடும்.

விலைப் பக்கத்தில் ‘மாதம் 3,000 இலவசம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ‘ஒரு நாளுக்கு 100’ என்பது சின்ன எழுத்து. நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எழுத்தை. அக்காவின் கணக்கைச் சொல்கிறேன். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் 2 புக்கிங், 3 விசாரணை. புக்கிங் ஒன்றுக்கு உறுதி, ரசீது, அக்காவுக்கு நகல், மேனேஜருக்கு நகல், முந்தின நாள் நினைவூட்டல் என 5 மெயில். விசாரணைக்கு 2. ஆக 16. மே மாதக் கோடை விழா தேதி வெளியானதும் ஒரே நாளில் 14 புக்கிங், 25 விசாரணை வந்துவிடும். நினைவூட்டல் அன்றே போகாது, அதை விட்டாலும் 56-உம் 50-உம் சேர்ந்து 106. மாதக் கணக்கில் பார்த்தால் அந்த 3,000 அவருக்குத் தாராளம். ஆனால் நாளுக்கு 100 என்ற வரம்பு, வருமானம் வரும் அந்த ஒரு நாளில்தான் கதவைச் சாத்தும்.

அதனால் சேவையைத் தேடும் முன் மெயிலைக் குறையுங்கள். உறுதியையும் ரசீதையும் ஒன்றாக்கினேன். மேனேஜருக்கு அக்காவே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார். ‘உங்கள் விசாரணை கிடைத்தது’ என்ற தானியங்கிப் பதிலை எடுத்துவிட்டேன், அதை யாரும் தேடவில்லை. இப்போது அதே நாளில் 28-உம் 25-உம் சேர்ந்து 53.

அந்தத் தானியங்கிப் பதிலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. வேறொரு தளத்தில் ஒரு ராத்திரி ஏதோ பாட் (தானாக இயங்கும் புரோகிராம்) புகுந்து, யார் யார் முகவரியையோ போட்டு ஃபார்மை நிரப்பித் தள்ளியது. காலையில் நான் தட்டுவடை செட் சாப்பிடப் போவதற்குள் அன்றைய வரம்பு காலி. ஃபார்மில் கிளவுட்ஃபிளேர் டர்ன்ஸ்டைல் மாதிரி ஒரு தடுப்பு வையுங்கள், அதுவும் இலவசம்தான்.

சரி, எதை எடுப்பது? முன்பு சென்டின்புளூ என்ற பெயரில் இருந்த பிரெவோ, நாளுக்கு 300 தருகிறது. மெயில்ஜெட் நாளுக்கு 200, மாதத்துக்கு 6,000. எஸ்எம்டிபி2கோ நாளுக்கு 200 என்றாலும் மாதத்துக்கு 1,000-தான். ரீசெண்ட் நாளுக்கு 100, மாதத்துக்கு 3,000. புரோகிராம் எழுதுபவர்களுக்கு அது பிடிக்கும், பிளகின் என்ற தயார்நிலை இணைப்பை மட்டும் போடுகிறவர்களுக்குத் தனி லாபம் இல்லை. போஸ்ட்மார்க் இலவசத்தில் மாதத்துக்கே 100, சோதித்துப் பார்க்கத்தான் ஆகும். ஜோஹோவின் செப்டோமெயில் முதல் 10,000 மெயிலை இலவசமாகத் தந்து, பிறகு கிரெடிட் வாங்கச் சொல்லும். மெல்லச் செலவாகும் தளத்துக்கு அது நல்லது, ஆனால் கிரெடிட்டுக்குக் காலாவதி உண்டு. அமேசான் எஸ்இஎஸ் 1,000 மெயிலுக்கு 0.10 டாலர், கிட்டத்தட்ட இலவசம் மாதிரிதான். ஆனால் தொடக்கத்தில் ‘சேண்ட்பாக்ஸ்’ என்ற கூண்டில் வைத்திருப்பார்கள். நாளுக்கு 200, அதுவும் நீங்கள் முன்கூட்டிச் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர விண்ணப்பம் எழுத வேண்டும். முதல் வெப்சைட் செய்பவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

சாதாரண ஜிமெயில் கணக்கையே வைத்து ஓட்டலாமா என்று சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் கேட்டார். நாளுக்குப் பத்து விசாரணை, எல்லாம் அவருக்கே வருபவை. அவருக்குப் போதும். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு தளத்துக்கென்று தனியாக ‘ஆப் பாஸ்வேர்டு’ எடுத்தால் வேலை முடிந்தது. வாடிக்கையாளருக்கு மெயில் போகும் தளம் என்றால் வேண்டாம்.

இந்த எண்கள் மாறும். செண்ட்கிரிட் பல வருடம் நாளுக்கு 100 இலவசமாகக் கொடுத்துவிட்டு, 2025-இல் அதை 60 நாள் சோதனையாகச் சுருக்கிவிட்டது. ஆகவே ஒரு சேவையிலேயே ஊறிப்போகாதீர்கள். அந்தச் சேவைக்கே உரிய டெம்ப்ளேட் வசதியில் மெயிலை எழுதாமல் உங்கள் தளத்திலேயே வைத்து, மெயில் அனுப்பும் பொதுவான முறையான எஸ்எம்டிபி வழியாக அனுப்பினால், மாறும்போது சர்வர் பெயர், யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்றையும் மாற்றி, டொமைனின் விவரப் பட்டியலான டிஎன்எஸ்ஸில் புதுச் சேவையின் வரிகளைச் சேர்த்தால் முடிந்தது. போர்ட் (சர்வரின் வாசல் எண்) 587 போடுங்கள். 25-ஐப் பல கிளவுட் நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கும்.

டிஎன்எஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அக்காவின் டொமைன், முதலில் தளம் செய்த பையனின் கணக்கில் இருந்தது. அவன் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போய்விட்டான். பாஸ்வேர்டு கைக்கு வரப் பதினோரு நாள் ஆனது. அது இல்லாமல் எந்தச் சேவையிலும் டொமைனைச் சரிபார்க்க முடியாது.

உள்ளே போனதும், முன்பு சொன்ன கையெழுத்துக்கான டிகேஐஎம் வரிகளைச் சேவை தருகிறபடியே ஒட்டுங்கள். நம் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். ஆபீஸ் மெயிலுக்காக ஏற்கெனவே ஒன்று இருந்தால், அந்த வரிக்குள்ளேயே புதுச் சேவையைச் சேருங்கள். இரண்டாவதாக ஒன்று போட்டால் இரண்டுமே செல்லாது. இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் ‘நன்’ என்ற தளர்ந்த நிலையில் வைத்து, எல்லா மெயிலும் தேறுகிறது என்று தெரிந்த பிறகு இறுக்குங்கள்.

பிறகு ஒரு ஜிமெயில் முகவரிக்கு உண்மையான புக்கிங் ஒன்றை அனுப்பி, மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். மெயிலின் அடியில் சேவை தன் பெயரை ஒட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். வழியையும் போன் நம்பரையும் படமாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள், மலை ஏறும்போது சிக்னல் போகும், படம் திறக்காது. விருந்தினரின் ஆதார் நகலை மெயிலில் இணைக்கவே வேண்டாம். அனுப்பிய மெயிலைச் சில நாள் தங்களிடமே வைத்திருக்கும் சேவைகள் உண்டு.

அக்காவுக்கு நான் போட்டது நாளுக்கு 300 தரும் திட்டம். அது போதும்தான், ஆனாலும் விழா நேரத்தில் எதிர்பாராமல் வரம்பு தீர்ந்துவிடக் கூடாது என்று, மே மாதம் மட்டும் அந்தச் சேவையிலேயே காசு கட்டும் திட்டத்துக்கு ஏற்றிவிட்டு, ஜூனில் மறுபடி இலவசத்துக்கு இறக்குகிறேன். அந்தக் காசை அக்கா தருகிறார், கூடவே ஒரு கிலோ காபிப் பொடியும்.