தற்கொலை அபாய ஆய்வு: முதல் ஆய்வைத் திட்டமிடும் உளவியலாளருக்கு

பிஎச்டிக்கு இந்தத் துறையை எடுப்பவர்கள் பலர் 'யார் இறப்பார் என்று முன்பே கணிக்க முடியுமா' என்ற கேள்வியோடு வருகிறார்கள். அதை முதலிலேயே விட்டுவிடுங்கள், கணக்கு ஒத்துவராது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் இந்தியாவின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 12.4. பொதுமக்களில் ஆயிரம் பேரை ஓராண்டு பின்தொடர்ந்தாலும் ஒரு மரணம்கூடப் பதிவாகாமல் போகவே வாய்ப்பு அதிகம். 50 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான பகுப்பாய்விலும், அபாயக் காரணிகளின் கணிப்பு குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேலாகத்தான் இருந்தது.

அதற்குப் பதிலாக, எது உதவுகிறது என்று கேளுங்கள். தற்கொலைக்கு முயன்று சிகிச்சைக்கு வந்தவர்களைச் சேர்த்தால், ஒப்பீட்டளவில் சிறிய ஆய்விலும் பதில் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு நல்ல முன்மாதிரி: ஒரு மணி நேர உரையாடல், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொடர்பு. அவ்வளவுதான். தற்கொலை மரணம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் 2.2 சதவீதம், இந்த உரையாடலும் தொடர்பும் பெற்றவர்களிடம் 0.2 சதவீதம்.

அளவுகோலில்தான் பலர் சறுக்குகிறார்கள். மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளான பிஎச்கியூ-9இன் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பையும் தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணத்தையும் ஒன்றாகக் கேட்கிறது. அதை மட்டும் நம்பாதீர்கள். தற்கொலை அபாயத்தை அளக்கும் கொலம்பியா அளவுகோல், சாக வேண்டும் என்ற விருப்பம், எண்ணம், நோக்கம், திட்டம், செயல் என்று பிரித்துக் கேட்கும். தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. 'செத்துடலாம் போல இருக்கு' என்பதை அலுப்பிலும் சொல்வோம், உண்மையாகவும் சொல்வோம். தமிழாக்கத்தை மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்பிடும் மறுமொழிபெயர்ப்பு மட்டும் போதாது. பத்துப் பேரிடமாவது கேள்வியை வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

கேட்பதாலேயே எண்ணம் தூண்டப்படும் என்று நெறிமுறைக் குழு தயங்கலாம். அப்படி நேர்வதில்லை என்பதற்கான ஆய்வுகளை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

'ஆம்' என்று பதில் வந்தால் என்ன செய்வது? தரவு சேகரிக்கும் முன்பே எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை நிரப்பிய படிவத்தைத் திங்கள்கிழமை படிப்பதுதான் மிக ஆபத்தான பிழை. பங்கேற்பவர் கிளம்புமுன் அந்தப் பதில்களைப் பார்த்தாக வேண்டும். அன்றைக்குப் பொறுப்பான மருத்துவரின் பெயரும் எண்ணும் நேர்காணல் செய்பவர் கையில் இருக்கட்டும். நோக்கமோ திட்டமோ தெரிந்தால் பங்கேற்பவரைத் தனியே விடாமல், அங்கேயே மருத்துவரிடம் நேரில் ஒப்படையுங்கள். ரகசியம் எப்போது விலக்கப்படும் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸின் எண் 14416ஐ ஒவ்வொருவரிடமும் கொடுத்தனுப்புங்கள், 'இல்லை' என்று குறித்தவரிடமும்.