எக்ஸ்ரேயில் இடது எது, வலது எது?

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலோ மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டரிலோ நெஞ்சு எக்ஸ்ரே வாங்கினதும் பஸ்சிலேயே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்போம், இல்லையா? படத்தில் இருப்பவர் நமக்கு எதிரே நிற்பதாகத்தான் கணக்கு. அதனால் இதயத்தின் நிழல் பெரும்பாலும் நம் வலக்கைப் பக்கம் விழும். பதற வேண்டாம், நோயாளிக்கு அது இடதுதான். ஓரத்தில் ‘ஆர்’ (ரைட், நோயாளியின் வலது) அல்லது ‘எல்’ (லெஃப்ட், இடது) குறி இருக்கும், அதைப் பாருங்கள்.

‘மீடியல்’ என்றால் உடம்பின் நடுக்கோட்டை ஒட்டிய பக்கம், ‘லேட்டரல்’ வெளிப்பக்கம். ரப்பர் வெட்டப்போய் வழுக்கி கால்முட்டு திருகியவரின் ரிப்போர்ட்டில் ‘மீடியல்’ என்று இருந்தால், அடுத்த கால்முட்டைப் பார்த்திருக்கும் உள்பக்கம். கையில்தான் குழப்பம். உள்ளங்கை முன்னால் பார்க்கக் கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள்: பெருவிரல் லேட்டரல், சுண்டுவிரல் மீடியல். ‘பைலேட்டரல்’ இரண்டு பக்கமும்.

மூளையின் இடப்பாதியில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் வலது கைகாலே தளரும். ரிப்போர்ட்டில் இடது என்றிருப்பதைப் பார்த்து ‘ரிப்போர்ட் மாறிப்போச்சு’ என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

டாக்டரிடம் ‘இந்தப் பக்கம்’ என்று இழுக்காமல், ‘என் வலது முட்டு, உள்பக்கம்’ என்று தொட்டுக் காட்டுங்கள். போனில் சொல்லும்போது இது இன்னும் முக்கியம்.