டியாப்லோவை வீட்டாவில் ஓட்டுவது எப்படி? ஓர் எழுத்துக்காக இரண்டு இரவு தொலைத்த கதையுடன்

அலமாரியில் தூசி படிந்து கிடந்த பிஎஸ் வீட்டாவில் (சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி) 1996ஆம் ஆண்டின் கணினி விளையாட்டான டியாப்லோவை ஒருவழியாக ஓட வைத்துவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் அரை மணி நேர வேலை. எனக்கு இரண்டு இரவு பிடித்தது.

சோனி அனுமதிக்காத செயலிகளையும் ஓட வைக்கும் ஹென்காகுவோ எச்-என்கோரோ உங்கள் வீட்டாவில் போட்டு, கோப்புகளைக் கையாளும் வீட்டாஷெல்லும் நிறுவியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு வழிகாட்டிகள் ஏராளம். நான் வேறு எழுத வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டியாப்லோவின் மூல நிரலை அதன் நிறுவனமான பிளிசார்ட் தரவில்லை. விற்பனைக்கு வந்த விளையாட்டையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, அதேபோல நடந்துகொள்ளும் மூல நிரலை ஆர்வலர்கள் மீட்டெடுத்தார்கள். 2018இல் அது டெவில்யூஷன் என்ற பெயரில் வெளிவந்தது. பெயரே இல்லாத இயந்திரக் கட்டளைகளைப் பார்த்து, இந்த எண் வீரனின் உயிரா, கதவு திறந்திருக்கிறதா என்பதற்கான குறியா என்று கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல. ஆனால் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. ஜப்பானியப் பிளேஸ்டேஷன் வட்டில் ஃபங்ஷன்களின் (நிரலின் சிறு சிறு பகுதிகள்) பெயர்கள் அடங்கிய சிம்பல் கோப்பு ஒன்று தவறுதலாகத் தங்கிவிட்டிருந்தது. கணினிப் பதிப்பு ஒன்றிலும் பிழை தேடுவதற்கான உள்வடிவம் ஒளிந்திருந்தது. இருட்டறையில் துழாவியவன் கையில் சுவிட்ச் தட்டுப்பட்ட மாதிரிதான்.

அந்த நிரலைப் பல கருவிகளிலும் ஓடும்படி வளர்த்தெடுத்ததுதான் டெவில்யூஷன்எக்ஸ். ஆனால் அது வெறும் எஞ்சின். படங்கள், இசை, குரல் எல்லாம் பிளிசார்டின் சொத்து என்பதால் அதனுடன் வராது. அவற்றை நாம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

படி 1: டெவில்யூஷன்எக்ஸின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து வீட்டாவுக்கான விபிகே கோப்பை (வீட்டா செயலிகளின் நிறுவல் பொதி) இறக்கி, வீட்டாஷெல்லில் திறந்து நிறுவுங்கள். அவ்வளவுதான்.

படி 2: டியாப்டாட் என்ற எம்பிக்யூ கோப்பு (படங்கள், இசை, குரல் எல்லாம் அடங்கிய பிளிசார்டின் தரவுப் பொதி) வேண்டும். பழைய சிடி இருந்தால் அதிலேயே இருக்கும். இல்லையென்றால் ஜிஓஜி தளத்தில் வாங்கலாம். 2019 முதல் அங்கே விற்கிறார்கள். இந்த ஒரு கோப்புக்காக விளையாட்டு முழுவதையும் கணினியில் நிறுவ எனக்கு மனம் வரவில்லை. இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற சிறு நிரலிடம் கொடுத்தால் நிறுவியைப் பிரித்து வைத்துவிடும். வாங்கும் முன் ருசி பார்க்க வேண்டுமா? பழைய இலவச மாதிரிப் பதிப்பின் ஸ்பான் கோப்பு போதும். வாள்வீரன் மட்டும், இரண்டு தளங்கள் மட்டும்.

படி 3: இங்கேதான் நான் விழுந்தேன்.

கோப்பு போக வேண்டிய இடம்: யூஎக்ஸ்0 கிளையில் (வீட்டாவின் மெமரி கார்டு) டேட்டா, அதற்குள் டயாசர்ஜிக்கல், அதற்குள் டெவில்யூஷன். கடைசிப் பெயரை இன்னொரு முறை படியுங்கள். செயலியின் பெயரில் எக்ஸ் உண்டு. கோப்புறையின் பெயரில் எக்ஸ் கிடையாது. நான் பொறுப்பாக எக்ஸ் சேர்த்துக் கோப்புறை உருவாக்கி, 500 எம்பி அளவுள்ள கோப்பை வைஃபையில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். செயலியைத் திறந்தால், முதன்மைத் தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது. கோப்பு பழுதோ என்று மறுபடி அனுப்பினேன். விபிகேயை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். மெமரி கார்டைக்கூடச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் நாள் நள்ளிரவில்தான் பக்கத்திலேயே, எக்ஸ் இல்லாமல், நான் உருவாக்காத ஒரு கோப்புறை இருப்பது கண்ணில் பட்டது. செயலி தானே உருவாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது!

ஆகவே எதையும் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். நிறுவியதும் செயலியை ஒருமுறை திறந்து, அது பிழை சொன்னதும் மூடிவிடுங்கள். அதற்குள் கோப்புறை உருவாகியிருக்கும். கோப்பை அதில் போடுங்கள்.

அனுப்புவதற்கு யுஎஸ்பி கம்பிதான் என் கட்சி. வைஃபை வழியே கோப்பு அனுப்பும் எஃப்டிபி வசதியானதுதான், ஆனால் வீட்டாவின் வைஃபை ஆமை வேகம். நடுவில் அறுந்தால் பாதிக் கோப்பு நிற்கும், பெயரைப் பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். எப்படி அனுப்பினாலும் இரு பக்கமும் கோப்பின் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 4: விளையாடுங்கள். மவுஸைச் சொடுக்கிச் சொடுக்கி விரல் தேய்ந்த விளையாட்டு இது. இங்கே இடது ஸ்டிக்கைத் தள்ளினால் வீரன் நடக்கிறான். அன்று 640க்கு 480 என்ற சதுரமான திரை; வீட்டாவின் திரை 960க்கு 544. அகலத் திரைக்கு விரித்துக் காட்டும்போது இருட்டில் பக்கவாட்டிலிருந்து வரும் எலும்புக்கூடு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்று வேலையாகவே படுகிறது.

பிற்சேர்க்கை: ஹெல்ஃபயர் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். 1997இல் வந்த அந்தக் கூடுதல் தொகுப்பும் ஓடும். ஹெல்ஃபயர் என்ற எம்பிக்யூ மட்டும் போதாது; எச்எஃப் என்று தொடங்கும் மாங்க், மியூசிக், வாய்ஸ் ஆகிய மூன்றும் வேண்டும். நான்கையும் அதே கோப்புறையில் டியாப்டாட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். எழுதியவர்களில் ஒருவர் டியாப்டாட்டை அழித்துவிட்டு இவற்றை வைத்திருந்தார். ஐந்தும் சேர்ந்தால்தான் ஓடும்.